படகு வராத திங்கட்கிழமை

கதைகளில் பெரியவர்கள் போய்விட்டால் பிள்ளைகளுக்கு இரண்டே வழிதான் இருக்கிறது. ஒன்றில் அவர்கள் புதையல் எடுத்துக் கள்ளனைப் பிடித்துக் கொடுத்து ஊருக்கே புத்தி சொல்வார்கள். அல்லது மூன்றாம் நாளே தடி வெட்டி ஒருவரையொருவர் துரத்துவார்கள். இரண்டுக்கும் நடுவில், ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி "இப்ப என்ன செய்யிறது?" என்று கேட்டு நிற்கிற பிள்ளையை நான் எந்தக் கதையிலும் சந்தித்ததில்லை. நானே எழுதியவற்றிலும் இல்லை.

போன மாதம் ஒரு இளம் ஆசிரியை குரல் செய்தி அனுப்பியிருந்தாள். நான் விட்டுவந்த நெடுந்தீவு வகுப்பறையில் இப்போது நிற்பவள். செய்தி முழுவதும் காற்று இரைந்தது.

"ரீச்சர், நூலகப் பாடவேளையில பெரியாக்கள் இல்லாத பிள்ளையளின்ரை கதையளா எடுத்து வாசிக்கிறம். எட்டாம் ஆண்டு என்னோடை ஒரே சண்டை. கதையில வாறது எல்லாம் பொய்யாம். நீங்கள் கனகாலம் இஞ்சை நிண்டனீங்கள். சொல்லுங்கோ, உண்மையா என்ன செய்வினம்?"

பதில் சொல்லத் தொடங்கி மூன்று தரம் அழித்தேன். குரல் செய்திக்குள் அடங்கவில்லை. ஐந்து வருடச் சேவை மிச்சம் இருக்க, ஐம்பத்தைந்து வயதில் ஓய்வுக் கடிதத்தில் ஒப்பம் வைத்துவிட்டு வெளியே வந்தவள் நான். ஓர் இடத்தில் கால் தரிக்காத ஆள். ஆனாலும் இந்தக் கேள்வி என்னைக் கதிரையில் இருத்திவிட்டது.

ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் பாடக்குறிப்பு எழுதப் பழகினேன். மண்டைதீவில் ஆறு வருடம் அதை மறக்கப் பழகினேன். பிறகு நெடுந்தீவு. அதிகாலை யாழ்ப்பாணத்தில் பேருந்து ஏறி, குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு மாறி, ஒரு மணித்தியாலம் கடலில் ஆடி, எட்டு மணிக்குக் கரையேறிப் பாடம் எடுக்க வேண்டும். படகில் திருத்திய கொப்பிகளில் சிவப்பு மை உப்புத்தண்ணீர் பட்டுப் பூப்பூவாகப் படர்ந்திருக்கும். "ரீச்சர், எனக்குச் சரியோ பிழையோ?" என்று பிள்ளைகள் வந்து கேட்பார்கள். பூவைப் பார்த்து எப்படிச் சொல்வது? சரி என்றுதான் சொல்வேன்.

எங்கள் அதிபர் இராசநாயகம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர். கிழமை நாட்களில் பாடசாலைக்குப் பின்னால் இருந்த அதிபர் விடுதியில் தங்குவார். இடது பையில் சிவப்புப் பேனை, வலது பையில் நீலம். ஒருநாளும் மாறியதில்லை. படகால் வந்த நாங்கள் ஒன்பது பேரும் வரவேட்டில் ஒப்பமிட்டு முடிந்ததும், அடிமட்டம் வைத்து அதன் கீழே சிவப்புக் கோடு கீறுவார். கோட்டுக்குக் கீழே ஒப்பமிட்டால் பிந்தியவர். கடல் கொந்தளித்துப் படகே வராத நாளில் கோடு கீறமாட்டார். "படகு இல்லை" என்று நீலத்தில் எழுதி எங்கள் லீவைக் காப்பாற்றுவார். அவரிடம் இன்னொரு புத்தகமும் இருந்தது: சம்பவத் திரட்டு. பாடசாலையில் நடந்தது எதுவானாலும் அன்றன்றே அதில் ஏற வேண்டும். பக்கங்களுக்கு இலக்கம் இட்டிருக்கும். ஒரு தாளும் கிழிக்க முடியாது. அதில் அதிபரைத் தவிர வேறு யாரும் பேனை வைக்கக்கூடாது.

அந்த வருடம் வலய நாடகப் போட்டி வேலணையில் நடப்பதாக இருந்தது. எங்கள் பாடசாலை நாடகம் ஒன்றும் அதுவரை கடல் தாண்டியதில்லை. ஒன்பதாம் பத்தாம் தரங்களில் பன்னிரண்டு பிள்ளைகள் "இந்த முறை போவம் ரீச்சர்" என்று என் சேலையைப் பிடித்து இழுக்காத குறை. அவர்களில் நாலைந்து பேர் தீவுக்கு வெளியே ஒரு மேடையைக் கண்ணால் கண்டதில்லை. நான் இரண்டே இரவில் எழுதிக் கொடுத்தேன். ஆளில்லாத தீவில் ஒதுங்கிய பன்னிரண்டு சிறுவர். பெரியவர் இல்லை. முதல் நாள் கூத்து, இரண்டாம் நாள் தண்ணீருக்குச் சண்டை, மூன்றாம் நாள் தடியோடு ஒரு தலைவன். கடைசியில் ஒரு படகு வரும். அதிலிருந்து ஒரு பெரியவர் இறங்குவார். எல்லோரும் அழுவார்கள். என் எல்லாக் கதைகளிலும் கடைசிப் பந்தியில் ஒரு பெரியவர் எப்படியும் வந்து இறங்கிவிடுவார்.

ஒத்திகை முதல்நாளே இடறியது. ஒன்பதாம் தரத்து றெஜினா, பாடசாலைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை, கையை உயர்த்தினாள்.

"ரீச்சர், தண்ணிக்குச் சண்டை பிடிக்கேக்கை சின்னாக்கள் எங்கை நிக்கினம்?"

"இதிலை சின்னாக்கள் இல்லை."

"ஏன் இல்லை?"

"கதையில இல்லை, பிள்ளை."

"அப்ப தம்பியளை ஆர் பாக்கினம்? வீட்டிலை விட்டிட்டோ வந்தவை?"

தலைவனாக நடித்த யூட் தடியை ஓங்குவான். அடிக்கிற நேரம் கை பஞ்சாகிவிடும். "ஓங்கி அடி!" என்றால், "அடிச்சா உவன் வீட்டை போய்ச் சொல்லுவான் ரீச்சர்" என்பான். "ஆளில்லாத தீவடா, வீடு எங்கை?" என்பேன். "சொல்லாமலே இருப்பான்? நீங்கள் உவனை அறியேல்லை" என்று அடிபட இருந்தவனைக் காட்டுவான். நாடகம் பனங்கொட்டை மாதிரி உருண்டது. முளைக்கவில்லை.

போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கையில் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

குறிகட்டுவானில் கடல் வெள்ளையாகப் பொங்கி நின்றது. படகு அவிழ்க்கவில்லை. நாங்கள் ஒன்பது பேரும் சாப்பாட்டுப் பைகளோடு இறங்குதுறையில் வரிசையாக நின்றோம். திரும்பிப் பார்த்தால் பத்தாவதாக இராசநாயகம் சேர் நிற்கிறார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவர் ஞாயிறு திரும்பவில்லை. அவரைத் திங்கட்கிழமையில் கடலுக்கு இந்தப்பக்கம் கண்டது அதுதான் முதல் தடவை.

"பிள்ளையள்?" என்றேன்.

"பொறும்." கைத்தொலைபேசியை எடுத்தார். ஆசிரியர்களில் ஒருத்தி மட்டும் நெடுந்தீவிலேயே குடியிருப்பவள். அவளுக்கு அழைத்தார். அவருக்குப் பின்னாலேயே மணி அடித்தது. உறவு வீட்டுக் கலியாணத்துக்கு வந்து அகப்பட்டவள், அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒளித்து நின்றாள்.

"இஞ்சைதான் நிக்கிறன் சேர்," என்றாள் தொலைபேசிக்குள்.

சிரிக்கவும் பயமாக இருந்தது. அதிபர் இருக்கிறார் என்று ஊர் நினைத்திருந்தது. ஊர் இருக்கிறது என்று அதிபர் நினைத்துக்கொண்டார். படகில் சாமான் வராவிட்டால் மதிய உணவு சமைக்கும் தாய்மாரும் வருவதில்லை. நாற்பத்தொரு பிள்ளைகள். பாடசாலைத் திறப்பு றெஜினா வீட்டு ஆணியில் தொங்கும். காலையில் கதவு திறப்பது எப்போதும் அவள்தான். மத்தியானம்வரை அலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் எழுதிய நாடகம் முழுவதும் அந்த வளவுக்குள் நடந்துகொண்டிருப்பதாக என் கண் என்னை மிரட்டியது.

செவ்வாய்க்கிழமை கடல் எண்ணெய் மாதிரிப் படிந்துகிடந்தது. ஓட்டமும் நடையுமாகப் போனோம். வளவு கூட்டியிருந்தது. கூட்டிய விளக்குமாற்றுக் கோடுகள் அலைபோல வளைந்து வளைந்து கிடந்தன. உள்ளே போன அதிபர் அப்படியே நின்றார். மேசையில் வரவேடு விரிந்திருந்தது. எட்டு முப்பது என நேரம் குறித்து அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு. அதன் கீழே எங்கள் ஒன்பது பெயர்களும், தீவில் குடியிருப்பவளின் பெயரும், கடைசியாக அவருடைய பெயரும். ஒவ்வொன்றுக்கும் நேரே "வரவில்லை". பக்கத்தில் சம்பவத் திரட்டு. அதில் ஒரு முழுப் பக்கம், உருண்டைக் கையெழுத்தில்.

நான் பிறகு பிரதி எடுத்து வைத்துக்கொண்டதால் இங்கே கொஞ்சம் தர முடிகிறது:

"காலை பாடசாலை ஆரம்பிக்கப்பட்டது. தேவாரமும் செபமும் சொல்லப்பட்டன. படகு வரவில்லை. அதிபர் விடுதி தட்டப்பட்டது. திறக்கப்படவில்லை.

தரம் ஒன்றுக்கு யார் பாடம் எடுப்பது என்று சண்டை வந்தது. எல்லோரும் தரம் ஒன்றுக்கே போக விரும்பினர். ஏழு பேர் போயினர். தரம் ஒன்று அழுதது. ஆறு பேர் வெளியேற்றப்பட்டனர்.

யூட்டும் நிரோசனும் ஒருவரோடொருவர் அடிபட்டனர். தரம் மூன்று பார்த்துச் சிரித்ததால் நிறுத்தினர்.

பத்து மணிக்கு மாடு ஒன்று உள்ளே வந்தது. யூட் தன்னுடையது இல்லை என்றான். மாடு அவனைத் தெரியும் என்று காட்டியது.

அதிபரின் கதிரையில் ஒருவர் இருந்தார். பெயர் எழுதவில்லை. அது பிழை என்று சொல்லப்பட்டது. அதனால் எல்லோரும் ஆளுக்கு ஒரு நிமிடம் இருந்தனர். தரம் ஒன்று முதலில்.

குடிதண்ணீர் அரைத் தாங்கி இருந்தது. சின்ன வகுப்புக்கு முதல் கொடுக்கப்பட்டது. ஆறு பேர் சாப்பாடு கொண்டு வந்திருந்தனர். ஒருவர் பனங்கிழங்கில் செய்த புழுக்கொடியல். நாற்பத்தொரு பேர் சாப்பிட்டோம். போதவில்லை.

தரம் இரண்டு மாணவி ஒருவருக்குச் சுவர்க் கல் வெட்டிக் கால் காயம். கழுவி, கழுத்துப்பட்டியால் கட்டப்பட்டது. வீட்டில் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டாள். பாடசாலை விட்டதும் தூக்கிக்கொண்டு போய்ச் சொன்னோம்."

அதிபரின் முகத்தில் நான் இடியை எதிர்பார்த்தேன். அவர் கதிரையை ஒருமுறை பார்த்தார். நாற்பத்தொரு பேர் இருந்து எழும்பிய கதிரை. கைக்குட்டையை எடுத்தார், துடைக்காமலே திரும்பவும் மடித்து வைத்தார், இருந்தார். பிறகு பெரிய வகுப்பைக் கூப்பிட்டார். சின்னதுகள் கூப்பிடாமலே வந்து யன்னலில் தொங்கின. ஒவ்வொரு வரிக்கும் கீழே அடிமட்டத்தை வைத்து, நீதிமன்றம் போல விசாரித்தார்.

"யூட், மாடு ஆற்றை?"

"எங்கடை இல்லை சேர். றெஜினா பொய் எழுதினவள்."

"மாடு உன்னைத் தெரியும் எண்டு காட்டினதாம். எப்பிடிக் காட்டினது?"

யன்னலிலிருந்து ஒரு சின்னக்குரல்: "நக்கினது சேர்!"

"சரி. பெரியாக்கள் ஒருத்தரும் இல்லை எண்டு கண்டனீங்கள்தானே. ஏன் வீட்டை போகேல்லை?"

"வீட்டை போனா மாடு பாக்கச் சொல்லுவினம் சேர்," என்றான் யூட்.

"அப்ப மாடு உன்ரைதான்."

யன்னல் சிரித்து விழுந்தது. அதிபர் சிரிக்கவில்லை. றெஜினாவைப் பார்த்தார்.

"நீர் ஏன் போகேல்லை, பிள்ளை?"

"தரம் ஒண்டு வந்திட்டுது சேர். அவையை விட்டிட்டு எப்பிடிப் போறது?"

காயம் என்ற வரிக்கு வந்தபோது அடிமட்டம் அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "கால் இப்ப எப்பிடி?" என்றார். யன்னலடியில் நின்ற குழந்தை காலைத் தூக்கி யன்னல் கம்பிக்குள்ளால் நீட்டியது. எழும்பிப் போய்ப் பார்த்தார். முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து அந்தப் பக்கத்தின் அடியில் நீலப் பேனையால் எழுதினார்: மேற்படி பதிவு விசாரிக்கப்பட்டது. உண்மை. ஒப்பம், திகதி, முத்திரை.

வரவேட்டில் எங்கள் ஒன்பது பேருக்கு நேரே "படகு இல்லை" என்று எழுதினார். கலியாணத்துக்கு வந்தவளின் பெயருக்கும் தன் பெயருக்கும் நேரே ஒரு நாள் லீவு போட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"உங்களைக் கடல் மறிச்சது ரீச்சர். எனக்கு ஞாயிற்றுக்கிழமை கடல் நல்லாத்தான் இருந்தது. நான் வரேல்லை."

அதே சூட்டில், நாடகப் போட்டிப் படிவத்தில் ஒப்பம் வேண்டுமென்று நான் நாடகப் பிரதியையும் கொண்டுபோய் நீட்டினேன். என் முட்டாள்தனம் வேறென்ன. அதே அடிமட்டத்தை வைத்து அதையும் வரி வரியாக வாசித்தார்.

"இது ஆர் கண்டது?"

"கற்பனை சேர்."

"கற்பனை எழுதும், நான் வேண்டாமெண்ணேல்லை. ஆனா இந்தப் பிள்ளையளைப் பற்றி, இந்தப் பிள்ளையளின்ரை வாயாலையே, நடக்காததைச் சொல்லுவிக்கிறீர். இதுக்கு என்னாலை ஒப்பம் வைக்க ஏலாது. வெள்ளிக்கிழமைப் படகிலை படிவம் போகவேணும். அதுக்குள்ளை வேறை கொண்டு வாரும்."

மூன்று நாள். பன்னிரண்டு பேரும் வாசலில் நின்று கேட்டிருந்தார்கள். அவர்களுடைய முகங்களில் வேலணை மேடை அணைந்துகொண்டிருந்தது. அன்று பின்னேரப் படகில் எழுதினேன், கிழித்தேன், அலைக்குக் கொடுத்தேன். புதன்கிழமை காலை கையை விரித்தேன்.

"எனக்கு வருகுதில்லை பிள்ளையள்."

"நீங்கள் ஏன் ரீச்சர் கஷ்டப்படுறீங்கள்? நீங்கள் அண்டைக்கு நிக்கேல்லையே," என்றாள் றெஜினா, ஆறுதல் சொல்லும் குரலில். "நாங்கள் நிண்டனாங்கள்."

அவர்கள் வாங்குகளை ஒதுக்கினார்கள். சம்பவத் திரட்டின் பக்கம்தான் நாடகம். ஒருவர் வரியை வாசிக்க, மற்றவர்கள் அது ஆவார்கள். யூட் தன்னுடைய மாடாகத் தானே நடிப்பேன் என்று அடம்பிடித்தான். அப்போது யூட்டாக யார் நடிப்பது என்று ஒரு சண்டை. கதிரைக் காட்சிக்கு ஒரு கதிரை. சின்ன வகுப்புகளாகப் பெரிய வகுப்புப் பிள்ளைகளே முழங்காலில் நடந்தார்கள். நான் ஒரு திருத்தம் சொன்னேன், கடைசியில் ஆசிரியர்கள் வந்து இறங்கும் காட்சி ஒன்று வைப்போம் என்று. பன்னிரண்டு பேரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அதிபர் வந்து கடைசி வாங்கில் இருந்து முழுவதும் பார்த்தார். மாடு வந்த இடத்தில் கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். படிவத்தில் ஒப்பமிட்டு, தானே நடந்து இறங்குதுறைக்குக் கொண்டுபோனார்.

போட்டி நாளுக்கு முதல்நாள் நான் தீவிலேயே தங்கினேன். விடிகாலைப் படகு. பிள்ளைகள் அயர்ன் பண்ணிய வெள்ளையில், தலையில் எண்ணெய் மினுங்க, நாடகக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எத்தனை மிதவை அங்கியோ அத்தனை பேர்தான் ஏறலாம். துறையில் ஒருவர் நின்று எண்ணுவார். பிள்ளைகளை முதலில் ஏற்றினேன். நான் ஏறிக் கடைசி அங்கியைக் கட்டுகையில் ஒரு முச்சக்கரவண்டி வந்து நின்றது. நிறைமாதக்காரி ஒருத்தி, வலியோடு. அவளுடைய தாய், மருத்துவமாது. மூன்று பேர்.

படகுக்காரர் என்னைப் பார்த்தார். ஏற்கெனவே இரண்டு ஆண்கள் இறங்கியிருந்தார்கள். இன்னும் ஓர் இடம்.

"ரீச்சர், அடுத்தது எட்டு மணிக்கு," என்றார்.

இறங்கினேன். இறங்கிய பிறகுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. படகு விலகிவிட்டது. "இறங்கின இடத்திலை பேருந்து நிக்கும்! வேலணையிலை இறக்கிவிடச் சொல்லுங்கோ! ஒராளை ஒராள் விடாதேங்கோ!" என்று கத்தினேன். இயந்திரச் சத்தத்தில் யூட் காதில் கைவைத்துக் காட்டினான், கேட்கவில்லை என்று. பிறகு எல்லோரும் சேர்ந்து கையசைத்தார்கள்.

வழியனுப்ப வந்த அதிபர் பக்கத்தில் நின்றார்.

"சேர், ஒருத்தரும் இல்லையே அவையோடை!"

"ஓம்," என்றார், கடலைப் பார்த்தபடி. "பழக்கம்தானே அவைக்கு."

நான் வேலணை மண்டபத்துக்கு ஓடிவந்து சேர்ந்தபோது மேடையில் வேறு பாடசாலை நடித்துக்கொண்டிருந்தது. எங்கள் பன்னிரண்டு பேரும் வேப்பமரத்தடியில் கதிரையை நடுவில் வைத்துச் சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முடிந்துவிட்டது. நான் பார்க்கவில்லை. இனி எழுதுவது பன்னிரண்டு வாய்கள் ஒரே நேரத்தில் சொன்னதிலிருந்து நான் கூட்டிப் பெருக்கி எடுத்தது.

நாடகம் முடிந்ததும் நடுவர் மூவரில் நடுவில் இருந்தவர் கேட்டாராம்: "உங்கடை பொறுப்பாசிரியர் எங்கை?"

"படகிலை இடமில்லை சேர்." அவர் அதையும் வசனம் என்று நினைத்துத் தலையாட்டினாராம்.

"எல்லாம் நல்லாயிருக்கு. ஆனா பெரியாக்கள் இல்லாட்டிப் பிள்ளையள் இப்பிடி ஒழுங்கா இருக்குமே? நம்ப ஏலாமல் இருக்கு."

"ஒழுங்கா இருக்கேல்லை சேர்," என்றானாம் யூட், மாட்டுக் கொம்போடு. "அடிபட்டனாங்கள். உங்களை மாதிரி ஒராளின்ரை கதிரையிலை ஏறினனாங்கள்."

"பிறகு?"

"பிறகு இறங்கினனாங்கள்."

"ஏன் இறங்கினனீங்கள்?"

"மற்றாள் வரிசையிலை நிண்டது சேர்."

மண்டபம் சிரித்ததாம். நடுவர் விடவில்லை. "நீங்கள் சொல்லுறியள். நான் எப்பிடி நம்பிறது?"

றெஜினா முன்னுக்கு வந்தாளாம். "ஒருநாள் வராமல் இருந்து பாருங்கோ சேர்."

"வராமல் இருந்தா நான் எப்பிடிப் பிள்ளை பாக்கிறது?"

"அதுதான் சேர்."

அவர் பேனையைக் கீழே வைத்தாராம். பிறகு அவரே முதலில் கைதட்டினாராம். இரண்டாமிடம் தந்தார்கள். முதலாமிடம்தான் அடுத்த சுற்றுக்குப் போகும். அதைப் பற்றி ஒருத்தரும் அழவில்லை. "அடுத்த முறை மாட்டை உண்மையாக் கொண்டு வருவம்" என்றான் யூட். எனக்கென்று ஒரு பொட்டலம் வைத்திருந்தார்கள். அதில் முட்டை இல்லை. முட்டை என்ன ஆனது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் பதியவில்லை.

பின்னேரப் படகில் எனக்குத் தாங்க முடியவில்லை. கடல் மினுங்கியது, கொக்குகள் தாழப் பறந்தன, பன்னிரண்டு சந்தோசங்கள் என்னைச் சுற்றி இருந்தன. நாடகத்தைப் பார்க்காதவள் நான் மட்டும்தான்.

"எனக்கு ஒருக்கா நடிச்சுக் காட்டுங்கோவன் பிள்ளையள். இஞ்சையே."

படகின் நடுவில் இடம் பண்ணினார்கள். தொடங்கினார்கள். முதல் வரியிலேயே றெஜினா என் முகத்தைப் பார்த்தாள். யூட் கொம்பை வைத்துக்கொண்டு, சரியா என்று என்னைப் பார்த்தான். தரம் ஒன்று அழுதது, அழுதுவிட்டு என்னைப் பார்த்தது. நான் தலையை ஆட்டினேன், சிரித்துக் காட்டினேன், விரலால் தாளம் போட்டேன். மரத்துப்போன நாடகம் ஒன்று என் கண்ணுக்கு முன்னால் மெல்ல ஊர்ந்தது.

றெஜினா நிறுத்தினாள். மற்றவர்களைப் பார்த்தாள். பிறகு, வயதில் மூத்த ஒருத்தியிடம் சொல்கிற அவ்வளவு மரியாதையோடும் சொன்னாள்:

"ரீச்சர், கோவிக்காதேங்கோ. நீங்கள் அங்காலை திரும்பி இருங்கோ."

திரும்பினேன். நெடுந்தீவு தூரத்தில் ஒரு கீற்றாகத் தெரிந்தது. கைகளை மடியில் வைத்துக் கடலைப் பார்த்தபடி இருந்தேன். பிறகு என் முதுகுக்குப் பின்னால் ஒரு மாடு கத்தியது, யாரோ "டேய், இது உன்ரை மாடடா!" என்றார்கள், தரம் ஒன்று உண்மையாகவே அழுதது, படகுக்காரர் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

நான் திரும்பவில்லை.